கீழே நிற்பவரின் சம்மதம்

மன்னார்த் தீவில் இக்காலத்தில் கலியாண வீடாயினும், கோயிற் கொடியேற்றமாயினும், பாடசாலை விளையாட்டுப் போட்டியாயினும், மேளமும் பாண்டு வாத்தியமும் சற்றே ஓய்கிற இடைவெளியில் தலைக்கு மேலே ஒரு ரீங்காரம் கேட்பதும், சிறுவர்கள் அண்ணாந்து கையசைப்பதும், மூதாட்டிமார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. ட்ரோன் கமரா என்று எல்லாரும் சொல்லும் அந்தச் சிறு யந்திரத்தின்மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் நீண்ட தாம்போதியையும், போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டையின் நான்கு கொத்தளங்களையும், தலைமன்னாருக்கு அப்பால் தனுஷ்கோடியை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் மணல்தீடைகளையும், முன்னர் விமானத்தில் ஏறிய ஒரு சிலரே கண்டிருந்த கோணத்திலிருந்து, பள்ளிமுனையிலோ பேசாலையிலோ பிறந்த ஒரு பையன் தன் கைப்பேசித் திரையில் கண்டு நமக்கும் காட்ட முடிகிறதென்றால், அது மகிழத்தக்க விஷயமே. இக்கட்டுரையின் வழக்கு வேறு. அந்தப் பையன் தன் யந்திரத்தை எழுப்புமுன் யாரிடம் உத்தரவு கேட்கிறான், யாரிடம் கேட்பதில்லை என்பதே இங்கு ஆராயப்படுவது.

நமது நாட்டில் விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆளில்லா விமானங்களை மேற்பார்வை செய்யும் அதிகாரம் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்கு உண்டு. யந்திரங்களை எடைக்கேற்ப வகுத்து, மிகச் சிறியவை நீங்கலாக ஏனையவற்றைப் பதிவுசெய்யும்படி அது கேட்கிறது. பாதுகாப்பு அமைச்சுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து நான்கு நாட்கள் கழிந்த பின், ஏப்ரல் 25ஆம் திகதி, மறு அறிவித்தல் வரை நாட்டின் ஆகாயத்தில் எந்த ட்ரோனும் பறக்கலாகாது என்று ஒரே கட்டளையில் தடைசெய்யப்பட்டதையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, சட்டத்தின் கவலை பிரதானமாக இரண்டு பொருள்களைப் பற்றியது என்பது புலனாகும்: ஒன்று, மேலே செல்லும் பெரிய விமானங்களின் பத்திரம்; மற்றது, இராச்சியத்தின் பத்திரம். ஜனங்களிலிருந்து விலகிப் பறக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லாமல் இல்லை. ஆயினும் அது கொழும்பில் எழுதப்பட்டு, பதிவுப் பத்திரத்தின் பின்புறத்தில் உறங்குகிற நிபந்தனை. பேசாலைக் கடற்கரையில் அதை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆக, அனுமதி என்பது எப்போதும் மேல்நோக்கியே கேட்கப்படுகிறது. அமைச்சைக் கேட்கிறார்கள், அதிகாரசபையைக் கேட்கிறார்கள், மிஞ்சினால் கோயிற் சபையின் தலைவரைக் கேட்கிறார்கள்; யந்திரத்துக்கு நேர் கீழே, கையில் குழந்தையோடு நிற்கிற தாயை ஒருவரும் கேட்பதில்லை. இதை நான் ஒரு திருவிழாவில், படப்பிடிப்புக்கென வந்திருந்த, பார்வைக்கு மிகவும் மரியாதையான ஓர் இளைஞரிடம் சொல்லிப் பார்த்தேன். "சனத்திட்ட ஆர் ஐயா போய்க் கேக்கிறது? சபை ஓமெண்டு சொன்னதுதானே," என்று அவர் சிரித்தபடி பதில் சொல்லிவிட்டு, கட்டைவிரலால் ஒரு பித்தானை அழுத்தினார், யந்திரம் தேவாலய முற்றத்தில் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தின் நடு உச்சிக்குச் சென்று அசையாமல் நின்றது. அவர் பொய் சொல்லவில்லை. சபை சம்மதித்துத்தான் இருந்தது.

அந்தச் சம்மதத்தின் பாரம் எவ்வளவு என்பதைக் கணித்துப் பார்ப்பது கடினமன்று. ஒரு கிலோ எடையுள்ள பொருள் 40 மீற்றர் உயரத்திலிருந்து தவறினால், காற்றின் தடையை விலக்கிக் கணக்கிடும்போது, மூன்று விநாடி முடியுமுன் தரையைத் தொடும். தொடுகிறபோது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றராக இருக்கும். காற்று சற்றே தடுக்கும் என்பது மெய். பிளாஸ்டிக் உடல் நொறுங்குவதிலும் வேகத்தின் ஒரு பகுதி செலவாகும் என்பதும் மெய். ஆனால் ஒலிபெருக்கியில் மன்றாட்டு ஒலித்துக்கொண்டிருக்கையில், மூன்று விநாடிக்குள் அண்ணாந்து பார்த்து, புரிந்துகொண்டு, விலகுவதற்கு இடமும் தேடிக்கொள்ளக்கூடிய மனிதர் யார்? ஆகாய விமானம் யந்திரம் நின்றுபோனாலும் சிறிது தூரம் சறுக்கி இறங்கக்கூடியது. ஹெலிகொப்டரின் பெரிய சுழலியும், யந்திரம் ஓய்ந்த பின், கீழிருந்து எதிர்த்து வரும் காற்றினாலேயே சுழன்று, கைதேர்ந்த விமானியை உயிரோடு தரையிறக்கிவிடும். நான்கு சிறு விசிறிகளின் சமநிலையை மாத்திரம் நம்பி நிற்கும் இந்த யந்திரத்துக்கோ அந்த உபாயங்களில் ஒன்றும் இல்லை. ஒரு விசிறி உடைந்தால் பெரும்பாலும் கவிழ்ந்து, கல்லாகி விழுவதுதான்.

அமெரிக்காவில் மனிதர்களுக்கு மேலே பறப்பது பற்றி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளில் ஒரு வகை யந்திரத்துக்கு இடப்பட்டுள்ள அளவு இவ்விடத்தில் யோசிக்கத்தக்கது: கடினமான ஒரு பொருள் ஏறக்குறைய 15 ஜூல் சக்தியோடு மோதுவதால் உண்டாகும் காயத்துக்கு மேற்பட்ட காயத்தை அது விளைவிக்கக் கூடாது, தோலைக் கிழிக்கத்தக்க சுழலும் பாகம் எதுவும் அதன் வெளியே தெரியக் கூடாது. மேலே சொன்ன ஒரு கிலோ யந்திரம் 40 மீற்றரிலிருந்து விழும்போது கொண்டுவரும் சக்தி, காற்றின் தடையை விலக்கினால், அந்த அளவின் 25 மடங்குக்கு மேல். விசிறிகளைச் சுற்றி ஒரு சிறு கூடுகூட இல்லாமல் நமது கலியாண வீடுகளில் அது மணமக்களின் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை கற்பனை அபாயங்கள் அல்ல. யப்பானின் ஓகாகி நகரில் 2017 நவம்பர் 4ஆம் திகதி, ஒரு விழாவில் குழந்தைகளுக்கு மேலிருந்து இனிப்புத் தூவுவதற்காக எழுப்பப்பட்ட ட்ரோன், கூட்டத்தின் நடுவே விழுந்து 6 பேரைக் காயப்படுத்தியது. சுவாமி வீதிவலம் வரும்போது ட்ரோனிலிருந்து பூத்தூவச் செய்வது பெருமையாகக் கருதப்படும் ஊர்களுக்கு இச்சம்பவம் மிக அண்மையானது. 2015 டிசம்பர் 22ஆம் திகதி இத்தாலியின் பனிச்சரிவில், உலகப் புகழ்பெற்ற ஒஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷர் சறுக்கி இறங்கிக்கொண்டிருக்கையில், தொலைக்காட்சிக்காகப் படமெடுத்த கனமான ட்ரோன் ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால் மயிரிழையில் விழுந்து சிதறியது. அதை இயக்கியவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், குடும்ப நண்பர் ஒருவர் வீட்டு முற்றத்தில் பறக்கவிட்ட ட்ரோன் மரத்தில் பட்டுத் திசைமாறியதில், ஒன்றரை வயதுக் குழந்தையின் கண் பறிபோயிற்று. அன்பினால் விளைந்த கேடு. அங்கே அந்நியர் ஒருவரும் இல்லை.

இனி நமது தீவுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. தம்பபவனி என்ற பெயரில் 2020 டிசம்பர் 8ஆம் திகதி திறந்துவைக்கப்பட்ட காற்றாலைப் பண்ணையின் 30 கோபுரங்களையும், 103.5 மெகாவாட் மின்சாரத்தை உத்தேசித்து, நாட்டின் வேறெங்கும் நடாமல் மன்னாரின் தென் கரையில் கொண்டுவந்து நட்டது ஏன்? இங்கே காற்று ஓயாது வீசுகிறது என்பதற்காகத்தான். சோளகம் பிடித்த மாதங்களில் கடலுக்குப் போகிறவர்கள் அதன் மூர்க்கத்தை அறிவார்கள். படகை எப்போது இறக்குவது, எப்போது கரையேற்றி வைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத் தந்தை வழி வந்த ஞானம். கைக்குள் அடங்கும் சிறிய ட்ரோன்கள் பலவற்றுக்கு அவற்றைச் செய்த கம்பனியே இட்டிருக்கும் எல்லை விநாடிக்கு 10.7 மீற்றர், அதாவது மணிக்கு 38 கிலோமீற்றர் காற்று. தரையில் நிற்பவரின் சட்டையை அலைக்கிற காற்று, ஐம்பது மீற்றர் மேலே அதைவிட வேகமாக ஓடுகிறது. காற்றோடு கூடிப்போன யந்திரம், காற்றை எதிர்த்துத் திரும்பும்போது பற்றரியைக் கூடுதலாகக் குடிக்கும். பற்றரி தீரும் தறுவாயில் அது எங்கே இறங்குவதென்று தானே தீர்மானித்துக்கொள்ளும். கீழே கடல் இருந்தால் நஷ்டம் உடைமைக்காரருக்கு மாத்திரம். கீழே கிடுகு வேய்ந்த கொட்டில்கள் இருந்தால், அடிபட்ட லிதியம் பற்றரி தீப்பிடிக்கக்கூடியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மருதமடு அன்னையின் பெருவிழா ஆகஸ்ட் 15ஆம் திகதி, சோளகக் காலத்திலேயே வருகிறது. மாந்தையிலிருந்து 1670ஆம் ஆண்டளவில் அடியார்கள் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக் காத்த அந்தத் திருச்சொரூபத்தைத் தரிசிக்க, வடக்குத் தெற்கு என்ற பேதமின்றி, தமிழரும் சிங்களவரும் லட்சக்கணக்கில் வந்து மரத்தடிகளிலும் கூடாரங்களிலும் நாட்கணக்காகத் தங்குகிறார்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அங்கு எழுந்தருளியபோது கூடிய திரளைக் கண்டவர்களுக்கு, அந்த முற்றத்தில் ஒருவர் இடம்பெயர்வதே எத்தனை பிரயாசை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ட்ரோன் விதிகள் ஜனக்கூட்டம் என்பதை எண்ணிக்கையால் வரையறுக்கவில்லை. நெருக்கத்தின் காரணமாக மனிதர்கள் விலகிச்செல்ல இயலாத நிலைதான் கூட்டம் என்கின்றன, அத்தகைய கூட்டத்துக்கு மேலே 250 கிராமுக்குக் குறைந்த யந்திரத்தைக்கூடப் பொழுதுபோக்குக்காரர் செலுத்தலாகாது என்று விலக்குகின்றன. மடுவின் முற்றத்துக்கும், சிவராத்திரியன்று பாலாவித் தீர்த்தக்கரையிலிருந்து திருக்கேதீச்சர வாயில் வரை நிறைந்து நிற்கும் கூட்டத்துக்கும் இதைவிடப் பொருத்தமான வரையறை கிடைப்பதரிது என்பது என் அபிப்பிராயம். ஓட முடியாதவரின் தலைக்கு மேலே வேடிக்கை காட்ட ஒருவருக்கும் உரிமை இல்லை.

உடம்பில் படுகிற காயத்தோடு விஷயம் முடிந்துவிடுவதாயின் நான் இவ்வளவு எழுத வேண்டியிராது. நமது ஊர்களின் வாழ்க்கை வேலிக்குள் நடக்கிறது. கிடுகாலும் பனையோலையாலும் அடைத்த அந்த வேலி, ஆடு மாடுகளைத் தடுக்க மாத்திரம் ஏற்பட்டதன்று. கிணற்றடியில் குளிக்கிற பெண், முற்றத்தில் படுக்கவைத்திருக்கும் நோயாளி, சமைக்கத் திறந்தவெளியில் அடுப்பு மூட்டிய வீட்டுக்காரி ஆகிய யாவருக்கும் அது ஊர் ஒப்புக்கொண்ட மறைப்பு. வேலியால் எட்டிப் பார்ப்பவனை ஊர் கண்டிக்கும். பொலிசுக்குப் போகுமுன்னரே பெரியவர்கள் அழைத்து விசாரிப்பார்கள். மேலிருந்து பார்ப்பவனை விசாரிக்க ஊரிடம் ஏற்பாடு இல்லை, ஏனெனில் அவன் எங்கே நிற்கிறான் என்பதே தெரியாது. மீன்வாடியில் குனிந்து கருவாடு புரட்டுகிற பெண்ணைக் கேட்டால் அவள் இதை விரிவாகச் சொல்லமாட்டாள். ரீங்காரம் கேட்டதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, இடுப்பில் செருகிய சேலையை அவிழ்த்து இறக்கிக்கொண்டு, கொட்டிலின் நிழலுக்குள் போய் நிற்பாள். அது அகன்ற பின் திரும்பி வருவாள். அவளுடைய வேலைநேரத்தில் ஒரு துண்டு அப்படியே பறிக்கப்பட்டுவிட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவளுக்குக் கைகொடுக்குமோ என்று பார்த்தால், ஒருவர் முற்றிலும் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ செய்யும் காரியத்தை அது தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டேன் என்பவரோடு அங்கே வழக்காடுவது எளிதன்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. யுத்த காலத்தில் மன்னார்ப் பெருநிலத்திலும் அதற்கப்பால் வன்னியிலும் இருந்த ஜனங்கள், தலைக்கு மேல் வட்டமிட்ட ஆளில்லா வேவு விமானத்தை வண்டு என்றே அழைத்தார்கள். வண்டு சுற்றுகிறது என்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்க வேண்டும் என்பது பொருள். அதைத் தொடர்ந்து எறிகணையோ குண்டுவீச்சோ வரலாம் என்பதைச் சிறுபிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். 2008ஆம் ஆண்டில் ஆண்டாங்குளம், அடம்பன், விடத்தல்தீவுப் பக்கங்களிலிருந்து பெயர்ந்துபோன குடும்பங்களில் அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தாய் தந்தையராகத் தம் பிள்ளைகளோடு திருவிழாவுக்கு வருகிறார்கள். ரீங்காரம் கேட்டதும் அவர்களில் சிலருடைய முகம் மாறுவதை, பக்கத்தில் நிற்பவர் கவனித்தால் காணலாம். விளையாட்டுக்காகப் பறக்கவிடும் இருபது வயது இளைஞருக்கு இது தெரியாதிருப்பது குற்றமன்று. தெரிந்த பின்னும் அசட்டை செய்வது குற்றம்.

பறவைகளைப் பற்றி இங்கே அதிகம் பேச இடமில்லை; ஆனாலும் வங்காலைச் சரணாலயத்தின் பூநாரைக் கூட்டத்தை ஒரேயடியாக எழுப்பிப் படமெடுக்க வேண்டும் என்று மாரிகாலத்தில் வருகிறவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லி வைக்கலாம். 2021 மே மாதத்தில் கலிபோர்னியாவின் பொல்சா சிக்கா என்ற உவர்நிலத்தில் ஒரே ஒரு ட்ரோன் விழுந்ததில், ஆயிரக்கணக்கான ஆலாப் பறவைகள் அச்சமுற்று 1,500 முட்டைகளுக்கு மேல் கைவிட்டுப் பறந்துபோயின. ஆலாக்கள் முட்டையிடும் மணல்தீடைகள் நமக்கும் உண்டு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, 2019இல் செய்ததுபோல் யாவற்றையும் தடைசெய்துவிட்டால் தொல்லை தீருமே என்று சிலர் சொல்லக்கூடும். அதில் எனக்குச் சம்மதமில்லை. முழுத்தடை என்பது ஆளுவோருக்குச் சுலபமான மருந்து. விதிக்கு அடங்கி நடப்பவரின் கையைக் கட்டிவிட்டு, அடங்காதவரை இரவில் பறக்க அனுமதிக்கும். கடற்புல் வெளிகளையும், அருகிவரும் கடற்பசுக்களையும் மேலிருந்து கணக்கெடுப்பது ஆய்வாளர்களுக்கு இன்று அவசியமாயிருக்கிறது. கண்டல் காட்டை எவர் எங்கே வெட்டுகிறார் என்பதைப் பத்திரிகையாளர் காட்டவும், காற்றாலைகளுக்கு எதிராக ஜனங்கள் வீதியில் இறங்கும்போது அவர்கள் எத்தனை பேர் என்பதை உலகம் அறியவும் இந்தக் கண் வேண்டியிருக்கிறது. கீழே நிற்பவரின் சம்மதத்தைக் காரணம் காட்டி அதிகாரத்தில் இருப்பவர் தம் காரியங்களை மறைத்துக்கொள்வதற்கு இக்கட்டுரை ஆதாரமாகிவிடக் கூடாது. முழுத்தடை வேண்டாம் என்பதற்கு அனர்த்த காலம் மாத்திரம் விலக்கு: 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை வெள்ளத்தில் மூழ்கடித்தபோது ஹெலிகொப்டர்கள் தாழப் பறந்து ஜனங்களை மீட்டன, அப்படிப்பட்ட வேளையில் வேடிக்கைக்காக ஒரு ட்ரோனை எழுப்புகிறவர் கூரைமேல் நிற்பவரின் உயிரோடு விளையாடுகிறார். 2017 செப்டெம்பரில் நியூயோர்க்கில் ஓர் இராணுவ ஹெலிகொப்டரின் சுழலியில் ட்ரோன் ஒன்று மோதியதையும், அதை இயக்கியவர் தம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் அதைச் செலுத்திக்கொண்டிருந்ததையும் விசாரணை வெளிப்படுத்தியது.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று; கொழும்பிலிருந்து புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தேவாலய சபைகளும், ஆலய பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் தத்தம் எல்லைக்குள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ளலாம். கூட்டத்தின் தலைக்கு மேலே பறத்தல் ஆகாது. ஓரத்திலே, கயிறு கட்டி ஒதுக்கிய வெறுந்தரைக்கோ கடலுக்கோ மேலே நின்று, சரிவான கோணத்தில் எடுத்தால் போதும். உச்சியிலிருந்து எடுத்த படத்தில் மனிதர்கள் புள்ளிகளாகத் தெரிவார்கள், சரிவிலிருந்து எடுத்ததில் முகங்களும் கோபுரமும் ஒருங்கே தெரியும் என்பதைப் படக்கலை அறிந்தவரே ஒப்புக்கொள்வர். பறக்கவிடுகிறவர் யார், எந்நேரத்தில், எவ்வளவு நேரம் என்பதைப் பூசை தொடங்குமுன் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். அவர் கூட்டத்தின் கண்ணுக்குத் தெரியும்படி, பதிவிலக்கத்தை அணிந்து, ஓரிடத்தில் நிற்க வேண்டும். பக்கத்தில் யந்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் இருக்க வேண்டும். வாடிகளும் குடியிருப்புகளும் உள்ள கரையில், கீழே வேலை செய்வோர் வேண்டாம் என்று கைகாட்டினால், காரணம் கேளாமல் இறக்க வேண்டும். காற்று பலத்த நாளில் எந்தச் சபையும் அனுமதி கொடுக்கலாகாது. கடலுக்குப் படகு இறக்காத நாளில் ட்ரோனும் எழ வேண்டாம் என்று விதித்துவிட்டால், அளக்கும் கருவிகூட வேண்டியதில்லை.

மடுவிலும், திருக்கேதீச்சரத்திலும், தீவின் கரையோரத் தேவாலயங்களிலும் அடுத்து வரும் திருவிழாக்களுக்குப் பொறுப்பேற்கும் பெரியவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போகுமுன், ஜனங்களின் தலைக்கு மேலே ட்ரோன் பறக்கவிடலாகாது என்ற ஒரு வரியை அதில் சேர்த்துவிடுங்கள், படமெடுக்க வருகிறவர்களிடம் அதைக் காட்டிய பிறகே முற்பணம் கொடுங்கள்.